குரங்கு பிடிக்கப் போனவர்கள்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை இருக்கும், கரண்ட் போனது. வெள்ளவத்தையில் எங்கள் மாடி வீட்டில் ஃபான் நின்றால் ஐந்து நிமிடத்தில் உடம்பு அவிந்துவிடும். அம்மம்மா பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பல்கணிக்குப் போய்விட்டா. எங்கட ஒழுங்கைக்கு மட்டும்தான் போயிருக்கு எண்டு முதலில் நினைச்சம். பிறகு கொட்டாஞ்சேனை மாமி தங்களுக்கும் இல்லை என்றா. கண்டியில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இல்லை, நாடு முழுக்க இல்லை. பின்னேரத்துக்குள் காரணம் வந்தது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். அமைச்சரே சொன்னார்.

கரண்ட் வர முதல் மீம் வந்துவிட்டது. வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிங்கொங், ஹெல்மெட் போட்ட பொறியியலாளர்க் குரங்கு, பதவியேற்கும் குரங்கு, இலங்கையை இரண்டாம் முறையும் கவனித்துவிட்டுப் போகும் அனுமார். அன்று இரவு மட்டும் என் போனில் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருந்தது. அம்மம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். சிரிக்கவில்லை. "பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதைதான் உந்த நாடு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

அந்தப் பழமொழியை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அது ஒரு கலை விமர்சனம் என்பது அன்றுதான் உறைத்தது. களிமண்ணோ மஞ்சளோ எடுத்துச் சாமி செய்ய உட்காருகிறான் ஒருவன். கை சரிவரவில்லை. வந்தது குரங்கு. அதாவது குரங்கு என்பது யாரும் செய்ய நினைத்த பொருள் இல்லை, பிழைத்துப்போன உருவம். எங்கள் பேச்சில் குரங்கின் இடமும் அதுதான். குரங்குக் கையில் பூமாலை, குரங்குச் சேட்டை, குரங்குப் புத்தி.

ஆனால் குரங்கு பிடிக்கவென்றே உளியோடு உட்கார்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மாமல்லபுரம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலம். அங்கே போகிறவர்கள் எல்லாரும் அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் இரண்டு பெயரில் சண்டை பிடிக்கப்படும் அந்தப் பெரும் பாறையைத்தான் படம் எடுப்பார்கள். யானைகள், தேவர்கள், தவம் நிற்கும் பூனை எல்லாம் அதில் இருக்கும். அதற்கு அண்மையில் தனிக்கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. தாய்க்குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் இருக்கும் ஆண்குரங்கு தாயின் தலையில் பேன் பார்க்கிறது. அவ்வளவுதான். கையில் கதை இல்லை, தலையில் கிரீடம் இல்லை, பக்கத்தில் ராமன் இல்லை. எந்தக் கதைக்கும் இது தேவைப்படவில்லை.

கருங்கல்லில் வேலை செய்வது களிமண் பிடிப்பது போல இல்லை. ஒரு கொத்து பிழைத்தால் திருத்த முடியாது. அவ்வளவு பாடுபட்டு ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்றால், அதற்கு முதல் அவர் குரங்குகளுக்கு முன்னால் நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேன் பார்க்கும்போது பார்ப்பவரின் கழுத்து எப்படிக் குனியும், பார்க்கப்படுகிறவரின் முதுகு எப்படித் தளரும் என்று கவனித்திருக்கிறார். வெள்ளவத்தையில் பின்னேரம் எந்த மாடிப் படிக்கட்டிலும் தாய்மார் மகள்மாருக்குப் பேன் பார்க்கும் அதே இருப்பு. எனக்குத் தெரிந்த மட்டில் தமிழர் சிற்பங்களில் இதைவிடக் குடும்பமான குடும்பம் இல்லை. சோமாஸ்கந்தர் கோபிக்க மாட்டார்.

இந்தக் கவனம் திடீரென்று கல்லில் முளைத்ததில்லை. மொழியில் முதலே இருந்தது. பெண்குரங்குக்கு மந்தி, ஆணுக்குக் கடுவன், கருமுகக் குரங்குக்கு முசு என்று பிரித்துப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். (இப்போது எங்களுக்கு எல்லாம் குரங்குதான். வன்னியில் இன்னும் மந்தி வேறு, குரங்கு வேறு. சிங்களத்தில் வந்துரா, ரிலவா என்று இரண்டையும் சிறுபிள்ளைகூடப் பிரித்துச் சொல்லும்.) குறுந்தொகையின் 69ஆம் பாட்டில் ஒரு மந்தி வருகிறது. துணையான ஆண்குரங்கு செத்துப்போகிறது. மரமேறப் பழகாத குட்டியைச் சொந்தக்காரக் குரங்குகளிடம் ஒப்படைத்துவிட்டு அது மலையிலிருந்து பாய்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட மலைக்கு இரவில் வராதே என்று தோழி தலைவனுக்குச் சொல்வதற்காக இதைச் சொல்கிறாள். கணவனோடு சாகிற பெண்ணைப் போற்றும் பழக்கம் குரங்கிலும் ஏற்றிப் பார்க்கப்பட்டிருக்கிறது என்று ஒருவர் வாதாடலாம், நியாயம்தான். ஆனாலும் குட்டியைக் கையளிக்கிற அந்த ஒரு விபரம், குரங்குகள் குட்டிகளைக் கைமாற்றுவதைப் பார்த்த ஒருவர் எழுதியது.

அதே சங்கப் பாட்டுகளுக்குள்ளேயே மற்றப் பக்கமும் உண்டு. புறநானூறு 378இல் ஒரு பாணன் தன் சுற்றத்தைப் பற்றிச் சொல்கிறான். அரசன் அள்ளிக் கொடுத்த நகைகளை அதுவரை கண்டிராத ஏழைச் சனம், விரலில் போடுவதைக் காதிலும் காதில் போடுவதை விரலிலும் மாட்டிக்கொள்கிறது. இராவணன் கொண்டுபோனபோது சீதை கீழே போட்ட நகைகளைக் குரங்குகள் அணிந்துகொண்ட மாதிரி இருந்தது என்கிறான். தமிழில் கிடைக்கும் மிகப் பழைய இராமாயணக் குறிப்புகளில் இது ஒன்று. அதில் இராமன் பெரிய ஆள் இல்லை. நகை போடத் தெரியாத குரங்குகளும், அவற்றைப் போல இருக்கும் ஏழைகளும்தான் இருக்கிறார்கள். சொல்கிறவனே ஏழை என்பதால் சிரிப்பில் கசப்பு இல்லை. இதையே அரசன் சொல்லியிருந்தால் வேறு கதை.

அந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

புத்த சமயக் கலை குரங்கை வேறு மாதிரிப் பார்த்தது. பார்ஹுத் தூபியின் கல்வேலிகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1873இல் அந்த இடத்தைக் கண்டார். இப்போது கற்கள் கல்கத்தா அருங்காட்சியகத்தில். அதில் ஒரு வட்டச் சிற்பத்தில் மகாகபி ஜாதகம் இருக்கிறது. போதிசத்துவர் குரங்கரசனாகப் பிறந்து, தன் உடம்பையே ஆற்றுக்கு மேல் பாலமாக நீட்டி, தன் கூட்டத்தைத் தப்பவிடும் கதை. சாஞ்சியின் மேற்கு வாயிலிலும் அதே கதை உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது பார்ஹுத்திலேயே இருக்கும் இன்னொன்று. ஒரு பூதாகாரமான ஆளுக்குக் குரங்குகள் பல்லுப் பிடுங்குகின்றன. பல்லைப் பிடித்த பெரிய இடுக்கியில் கயிறு கட்டி, கயிற்றை ஒரு யானை இழுக்கிறது. இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய மீம். இதற்கு என்ன தத்துவம் என்று அறிஞர்கள் தேடுவார்கள். யாரோ ஒரு சிற்பி பல்வலியில் இருந்திருக்கிறார் என்பது என் கட்சி.

கொழும்பில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் குரங்குகள் அந்நியமில்லை. வெசாக் காலத்தில் மின்குமிழ்ப் பந்தல் பார்க்கப் போகாத தமிழ்ப் பிள்ளை இங்கே குறைவு. பாரிலேய்ய காட்டில் தனியே இருந்த புத்தருக்கு யானை தண்ணீர் கொண்டுவர, குரங்கு தேன்கூடு நீட்டும் காட்சி விகாரைச் சுவர்களில் சாதாரணமாகக் கிடைக்கும். அப்பாவின் தோளில் இருந்து பார்த்த காலத்தில் அது அனுமார் என்றே நினைத்திருந்தேன். புத்தருக்கு ஏன் எங்கட அனுமார் தேன் குடுக்கிறார் எண்டு கேட்டதற்கு அப்பா, "எல்லாருக்கும் குடுப்பார்" என்றார். கதையில் அந்தக் குரங்கு, தேனை ஏற்றுக்கொண்ட சந்தோசத்தில் கொப்புக்குக் கொப்பு பாய்ந்து, கொப்பு முறிந்து விழுந்து செத்து, தேவலோகத்தில் பிறக்கிறது. நல்ல குரங்குகள் எல்லாம் ஏன் கதை முடிவில் சாகவோ தேவராகவோ வேண்டியிருக்கிறது என்பது இப்போது வரும் கேள்வி. குரங்காகவே இருந்து தேன் சாப்பிட்டால் போதாதா?

வெளியுலகத்தில் இதைத் தேடினால் ஒரு வாழ்நாள் போய்விடும், அதனால் இரண்டு மூன்று மட்டும். கிரேக்கத்தின் தேரா தீவில், எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரத்தில், மூவாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தைய சுவரோவியங்களில் நீல நிறக் குரங்குகள் பாய்கின்றன. அந்தப் பகுதிக்குக் குரங்கே சொந்தமில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, வாலைத் தூக்கிப் பிடிக்கும் விதத்தை வைத்து அவை தெற்காசிய மந்திகள் என்று சொன்னது. அனுமார் கடல் தாண்டியது இலங்கைக்கு மட்டுமில்லைப் போல. 17ஆம் நூற்றாண்டில் டேவிட் டெனியர்ஸ் போன்றவர்கள் குரங்குகளுக்குச் சட்டை போட்டுச் சீட்டாட வைத்து, புகைபிடிக்க வைத்து வரைந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் தூரிகை பிடித்த ஓவியக் குரங்கை வரைந்தார். குரங்கு மனிதனைப் பார்த்துப் போலச் செய்வது, ஓவியன் இயற்கையைப் பார்த்துப் போலச் செய்வது, இரண்டும் ஒன்று என்ற நக்கல். கெட்டித்தனம்தான், ஆனால் பத்துப் படம் பார்த்ததும் சலித்துவிடும். அங்கே இருப்பது குரங்கு இல்லை, முகமூடி போட்ட பக்கத்து வீட்டுக்காரர்.

சலிக்காதது புரூகல் 1562இல் வரைந்த ஒரு சின்னப் பலகை. பெர்லினில் இருக்கிறது. சாளர வளைவில் இரண்டு குரங்குகள், இரண்டையும் ஒரே வளையத்தில் சங்கிலியால் கட்டியிருக்கிறது. சுற்றிலும் கொட்டைத் தோல். பின்னால் மங்கலாக அண்ட்வேர்ப் துறைமுகம், கப்பல்கள். ஒன்று எங்களைப் பார்க்கிறது, மற்றது முதுகைக் கூனிக்கொண்டு குனிந்திருக்கிறது. எந்தக் கப்பலில் வந்தன என்று ஓவியம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மாமல்லபுரத்துச் சிற்பியும் புரூகலும் சந்தித்திருந்தால் கதைக்க நிறைய இருந்திருக்கும்.

இனி அனுமார். தெஹிவளை ஆஞ்சநேயர் கோவிலுக்கு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். சனிக்கிழமைகளில் அம்மாவோடு போவேன். ஐந்து முகம், வடைமாலை, வெண்ணெய். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இருக்கும் அனுமார் இப்படியில்லை. நியூயோர்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவர் நிற்கிறார். இராமர் முன்னால் நிற்பதாகச் செய்தது, இப்போது எதிரில் இராமர் இல்லை. உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கிறது. எதையோ கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். கம்பராமாயணத்தில் இராமனை முதல் சந்திப்பிலேயே அசத்தியது அனுமனின் தோள் இல்லை, பேச்சு. சொல்லின் செல்வன் என்ற பெயர் அங்கே வருகிறது. செப்பு வார்த்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

வெள்ளவத்தைத் த்ரீவீல் ஒன்றின் பின் கண்ணாடியில் நான் பார்த்த அனுமார் வேறு. கறுப்பும் காவியும், நெரித்த புருவம், முகம் மட்டும். கேரளத்துக் காசர்கோட்டைச் சேர்ந்த கரண் ஆச்சார்யா 2015இல் ஊர் இளைஞர்கள் கொடிக்காகக் கேட்டு வரைந்தது. இந்தியா முழுக்க வாகனங்களில் ஒட்டி, 'கோபக்கார அனுமான்' என்றே பெயர் எடுத்தது. அது கோபமில்லை, மிடுக்கு என்று வரைந்தவர் சொல்லிப் பார்த்தார். பாவம் மனுசன், படம் கையை விட்டுப் போய்விட்டது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஆயிரம் வருசத்தில் முறைக்கிற ஒருவராக மாறியது எப்படி என்பது இந்திய அரசியல் வரலாற்றுக்காரர் எழுத வேண்டியது. ஆனால் கவனியுங்கள், இரண்டிலுமே குரங்கு குறைந்துகொண்டு போகிறது. வாலும் முகவாயும் மட்டும்தான் மிச்சம்.

இலங்கையில் இருந்துகொண்டு இராமாயணப் படம் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நாங்கள் எந்தப் பக்கம்? வால் நெருப்பில் எரிந்தது எங்கள் ஊர். இராவணனுக்கு ஆள் இருக்கிறது. தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் எழுதி, அது தடையும் செய்யப்பட்டது. இங்கே சிங்களவர் தரப்பிலும் இராவணனைத் தங்கள் அரசன் என்று கொண்டாடுகிறார்கள், 2019இல் விண்ணுக்குப் போன நாட்டின் முதல் செய்மதிக்கு 'ராவணா-1' என்று பெயர். இராமனுக்கு ஆள் இருப்பதைச் சொல்லத் தேவையில்லை. வாலிக்குத்தான் ஆள் இல்லை.

சேலம் மாவட்டத்தில் தாரமங்கலம் என்று ஓர் ஊர். அங்கே கைலாசநாதர் கோவில், கெட்டி முதலிகள் என்ற குறுநில ஆட்சியாளர்கள் கட்டி வளர்த்தது. சொந்தக்காரக் கலியாணம் ஒன்றுக்குச் சேலம் போனபோது, மற்றவர்கள் புடைவை எடுக்கப் போன நேரத்தில் நான் அங்கே போனேன். மண்டபத்தில் ஒரு தூணில் வில்லோடு இராமன். தள்ளி இன்னொரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் கட்டிப் புரண்டு சண்டை. அங்கே நின்ற ஒரு பெரியவர் கேட்காமலே வந்து என்னை இராமனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "பாருங்க" என்றார். வாலி தெரிந்தான். பிறகு வாலிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "இப்ப பாருங்க" என்றார். இராமன் தெரியவில்லை. இடையில் தூண்கள். தலையை அங்கே இங்கே சாய்த்துப் பார்த்தேன், இல்லை.

கோவிலுக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரித்தான். சிற்பியின் கெட்டித்தனம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த இடத்தில் நின்றால் ஒன்று விளங்கும். கதையைக் கேட்கும் எல்லாரும் இராமனின் பக்கத்தில் நின்றே கேட்கிறோம். சிற்பி எங்கள் உடம்பை எடுத்து வாலியின் இடத்தில் வைக்கிறார். அம்பு எங்கிருந்து வருகிறதென்று தெரியாத இடம் அது.

வாலி கேட்ட கேள்வி எல்லாருக்கும் தெரியும், ஏன் ஒளிந்திருந்து எய்தாய்? அதற்குச் சொல்லப்பட்ட பதில்தான் முக்கியம். வால்மீகியில் இராமன் சொல்லும் நியாயங்களில் ஒன்று, நீ குரங்கு, வேட்டையில் மிருகத்தை மறைந்திருந்து கொல்வது பிழையில்லை என்பது. கம்பனில் வாலியே முந்திக்கொண்டு, நாங்கள் குரங்குகள், மனிதருக்குரிய கலியாண ஒழுக்கம் எங்களுக்கு இல்லை, தம்பி மனைவியை எடுத்ததற்கு என்னை எப்படிக் குற்றம் சொல்வாய் என்கிறான். இராமன் அதை ஏற்கவில்லை. நன்மை தீமை தெரிந்த நீ விலங்கு இல்லை, அதனால் தண்டனை உண்டு என்கிறான். ஒரு நூலில் குரங்கு என்பதால் அம்பு, மற்றதில் குரங்கு இல்லை என்பதால் அம்பு. எந்தப் பக்கம் நின்றாலும் அம்பு ஒன்றுதான். எல்லையை எங்கே போடுவது என்பதை அம்பு வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

கம்போடியாவில் 12ஆம் நூற்றாண்டு அங்கோர் வாட் கோவிலின் தென்மேற்கு மூலை மண்டபத்தில் வாலி சாகும் காட்சி இருக்கிறது. தாரையின் மடியில் வாலி. கீழே வரிசை வரிசையாகக் குரங்குகள் அழுகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. வீட்டு முற்றத்தில் பிரேதம் கிடக்க வந்து இருக்கும் சனத்தைப் போலவே. படத்தில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் போக ஆசை. காவிரிக்கரையிலும் ஒரு பரிகாரம் செய்திருக்கிறார்கள். வாலி சிவனை வழிபட்ட ஊர் வடகுரங்காடுதுறை, சுக்கிரீவன் வழிபட்டது தென்குரங்காடுதுறை. ஆற்றுக்கு இந்தக்கரையில் ஒருவன், அந்தக்கரையில் ஒருவன், சண்டை வராமல்.

பாணனின் நகைப் பகிடியிடம் திரும்பலாம். யார் யாரைக் குரங்கு என்று சொல்வது? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'பஞ்ச்' பத்திரிகைக்கு வரைந்த ஜோன் டெனியல், ஆலிஸ் கதைக்கு அழகான படங்கள் வரைந்த அதே கை, விடுதலை கேட்ட ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு வரைந்தது. 1871இல் 'த ஹோர்னெட்' என்ற பத்திரிகை டார்வினின் தலையைக் குரங்கு உடம்பில் பொருத்தியது. டார்வினுக்கு அது பகிடி, தாங்கிக்கொள்ள அவருக்குப் பேரும் வீடும் இருந்தது. 1906இல் நியூயோர்க் பிரொங்க்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் கொங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா என்ற இளைஞரைக் குரங்குக் கூட்டில் காட்சிக்கு வைத்தார்கள். அங்கே படம் வரையத் தேவைப்படவில்லை, ஆளையே படமாக்கிவிட்டார்கள்.

இது எங்கேயோ நடந்தது என்று தள்ளிவிட முடியாது. ஹம்பேர்க் நகரத்து மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டிப்போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சி நடத்தினார். டிக்கெட் வாங்கினால் யானையும் பார்க்கலாம், ஆளும் பார்க்கலாம். அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் கொழும்பிலேயே குடியிருந்தவர், அவரும் அதே தொழில். ஏற்றுமதிக்காக அவர் மிருகங்களை அடைத்து வைத்த சேகரிப்பிலிருந்துதான் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை தொடங்கியது. 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. நாங்கள் எல்லாரும் பாடசாலைச் சுற்றுலாவில் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் போய்க் குரங்குக்குக் கச்சான் எறிந்த அதே இடம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒருநாள் இடைவேளை முடிந்து வர, கரும்பலகையில் ஒரு குரங்கு வரைந்திருந்தது. இரட்டைப் பின்னல், கண்ணாடி, கையில் சாப்பாட்டுப் பெட்டி. பெயர் எழுதவில்லை, தேவைப்படவில்லை. எங்கட வகுப்பில் நான்தான் ஆகக் கறுப்பு. ரீச்சர் வந்து அழித்துவிட்டு, "யார் கீறினது, நல்லாத்தான் கீறியிருக்கு" என்றா. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், வரைந்தவன் குரங்கை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. காது பிழை, வாலும் தவறான இடத்தில் இருந்தது. என்னை மட்டும் நல்லாய்ப் பார்த்திருக்கிறான், சாப்பாட்டுப் பெட்டியின் பூக்கூடச் சரி.

அதனால்தானோ என்னவோ, பெப்ரவரி மீம்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் ஒன்றில்கூட இலங்கைக் குரங்கு இல்லை. சிம்பன்சி இருந்தது, கொரில்லா இருந்தது, வேறு நாட்டுக் குரங்கு இருந்தது. எங்கள் நாட்டுக்கே உரிய செங்குரங்கின் உச்சந்தலை மயிர் நடுவகிட்டிலிருந்து தொப்பி போல விரிந்திருக்கும். பெண்குரங்குகளின் முகம் பலதும் வெயிலில் நின்ற மாதிரிச் சிவந்திருக்கும். அதை யாரும் கீறவில்லை. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அரசாங்கம் வெளியிட்டது. எதிர்ப்பும் வழக்கும் வந்து அது நின்றது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிடம், தோட்டந்துரவுக்கு வரும் குரங்குகளை நாடு முழுக்க எண்ணச் சொன்னார்கள். தென்னையும் வாழையும் போன விவசாயியின் நட்டத்தை வெள்ளவத்தை மாடியில் இருந்துகொண்டு நான் பகிடி பண்ணக்கூடாது, அது உண்மையான வயிற்றுப் பிரச்சினை. ஆனால் ஒரு குரங்கு தொட்டால் முழு நாடும் நிற்கும் மின்கட்டமைப்பைப் பற்றிய கேள்வி அந்தக் கிழமை முழுக்கச் சிரிப்புக்குள் ஒளிந்துகொண்டது. வில் வைத்திருந்தவர் தூணுக்குப் பின்னால்.

கொழும்பைச் சுற்றியும் ஒரு மந்தி இருக்கிறது, ஊதாமுகக் கருமந்தி. வெள்ளைத் தாடி. கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது வருசம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் இலங்கை மந்திகளின் தாடி அவற்றைக் கிழவர்கள் போலக் காட்டுகிறது என்று எழுதினார். 1777இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்த எர்க்ஸ்லேபனும் 'வெட்டுலஸ்' என்றார், லத்தீனில் சின்னக் கிழவர். மரத்திலிருந்து மரத்துக்கே போய்ப் பழகியது. மரங்கள் வெட்டுப்பட்டதால் இப்போது வயரில் போகிறது, கூரையில் போகிறது. மேல் மாகாணத்தில் இருக்கும் அதன் கிளையினம் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

போன மாதம் அக்காவின் மகளுக்குப் பாடசாலையில் 'எனக்குப் பிடித்த மிருகம்' கீறி வரச் சொல்லியிருந்தார்கள். கூகிளைப் பார்த்துக் கீறப் போனவளை இழுத்துக்கொண்டு பிலியந்தலைப் பக்கம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன், அங்கே பலாமரத்துக்குக் கருமந்திகள் வரும். பென்சிலும் கொப்பியுமாக இரண்டு மணித்தியாலம் இருந்தோம். வந்தன, நாலோ ஐந்தோ. ஒன்று குட்டியை மடியில் வைத்திருந்தது, இன்னொன்று அதன் முதுகுப் பக்கம் வந்து இருந்து மயிரை விலக்கத் தொடங்கியது. "சித்தி, பேன் பார்க்குது" என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் ஓட்டம். அவளுடைய கொப்பியில் ஒரு முதுகும், அதன்மேல் ஒரு கையும் மட்டும் இருந்தது. முகம் கீறாமல் எப்படிக் குடுக்கிறது என்று அழுகிற மாதிரி வந்துவிட்டாள். நாளைக்கும் வருவம் என்றேன்.